நானோ உராய்வு

நானோ உராய்வு என்பது, மிகச் சில அணுக்கள் மட்டுமே தொட்டுக்கொள்ளும் இரு பரப்புகளுக்கிடையே நிகழும் உராய்வு ஆகும். பொதுவாக வெப்பத்தை உராய்வின் விளைவாகவே காண்கிறோம். நானோ அளவில், வெப்பம் உராய்வைக் குறைக்கும் காரணியாகவும் அமைகிறது.

உராய்வும் தொடுமுனைகளும்

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி ஆகிய ஊர்களில் செய்யப்படும் தீப்பெட்டி இதற்கு எளிய எடுத்துக்காட்டாகும். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும், பெட்டியின் பக்கப்பட்டையில் சிவப்புப் பாசுபரசும் உள்ளன. உரசும்போது இரு பரப்புகளும் முழுமையாகத் தொடுவதில்லை. மேடான நுண்முனைகள் சிலவே தொடுகின்றன. வெப்பம் அவ்விடங்களில் குவிவதாலேயே தீப்பற்றுகிறது. இத்தகைய முனை ஒன்றை மட்டும் தனியே ஆராய, 1986இல் உருவாக்கப்பட்ட அணுவிசை நுண்ணோக்கி வழிவகுத்தது. மறு ஆண்டே அதன் முனையைக் கிராபைட்டின் மீது இழுத்து, அணு அளவிலான உராய்வு விசை அளக்கப்பட்டது.

வெப்பத்தின் பங்கு

லுட்விக் பிராண்டில் 1928இல் வெளியிட்ட மாதிரியில், சுருள்வில் ஒன்றால் இழுக்கப்படும் அணு, மேடுபள்ளமான ஆற்றல் பரப்பின் மீது நகர்கிறது. அணு பள்ளத்தில் சிக்கி நிற்க, வில் நீள்கிறது. இழுவிசை போதிய அளவை எட்டியதும் அணு அடுத்த பள்ளத்திற்கு நழுவுகிறது. அப்போது வெளிப்படும் ஆற்றல், அணுக்களின் அதிர்வாக, அதாவது வெப்பமாகச் சிதறுகிறது.

அணுக்கள் வெப்பத்தால் எப்போதும் அதிர்கின்றன. அறை வெப்பநிலையில் இவ்வெப்ப ஆற்றல் ஏறத்தாழ 0.026 எலக்ட்ரான்வோல்ட் ஆகும். இது ஆற்றல் தடையைவிடச் சிறியதாயினும், தற்செயலாக எழும் வலிய அதிர்வு ஒன்று அணுவை முன்கூட்டியே தடையைத் தாண்டச் செய்யக்கூடும். எனவே தேவைப்படும் இழுவிசை குறைகிறது. வேகம் கூடினால் அத்தகைய அதிர்வுக்குக் காத்திருக்கும் நேரம் குறைவதால், உராய்வு வேகத்தின் மடக்கையைப் பொறுத்து மெல்லக் கூடுகிறது. 2000இல் சோடியம் குளோரைடு படிகத்தின் மீது செய்த அளவீடுகள் இதைக் காட்டின. இழுப்பு மிக மெதுவாகவும் தடை சிறியதாகவும் இருந்தால், அணு முன்னும் பின்னும் தாவுவதால் உராய்வு ஏறத்தாழ மறைந்துவிடும். இது வெப்ப உயவு எனப்படும்.

புள்ளியியல் இயக்கவியல்

மூலக்கூறுகளின் மோதலே துகளை அலைக்கழிக்கிறது, அதே மோதலே அதன் ஓட்டத்தைத் தடுக்கவும் செய்கிறது என்பதை ஐன்ஸ்டைன் 1905இல் விளக்கினார். துகள் ஆற்றல் தடையைத் தாண்டும் வீதத்தைக் கிராமர்சு 1940இல் கணித்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் 1943இல் எழுதிய விரிவான ஆய்வுக்கட்டுரை, இவ்விரண்டையும் தொகுத்து விளக்கியது. ஆனால் இழுக்கப்படும் முனை வெப்பச் சமநிலையில் இருப்பதில்லை. அது ஆற்றலை இடையறாது பெற்றுச் சிதறடிக்கிறது. ஆகவே இதனை முழுமையாக விளக்கச் சமநிலையற்ற புள்ளியியல் இயக்கவியல் தேவைப்படுகிறது.

வரம்புகள்

வெப்பநிலை கூடினால் உராய்வு எப்போதும் குறையும் எனக் கொள்ளலாகாது. சில பொருள்களில் குறிப்பிட்ட ஒரு வெப்பநிலையில் உராய்வு உச்சம் பெறுகிறது. தேய்மானமும் காற்றின் ஈரப்பதமும் அளவீட்டை மாற்றும். எண்ணெய் நுழைந்து பயன் தர இயலாத மிகச்சிறு பொறிகளில் தேய்மானத்தைத் தடுக்க இவ்வாய்வுகள் உதவக்கூடும்.