ஒரே கேள்வி, இரண்டு வாய்கள்

எங்க நெம்மேலிப் பக்கம் பெண் கேட்டு வருகிறவர்கள், நகை படிப்பெல்லாம் விசாரித்து முடித்தபிறகு, 'பொண்ணோட அம்மா எதுல செத்தாங்க?' என்று மெல்ல ஒரு கேள்வியைப் போடுவார்கள். மார்பில் கட்டி வந்து செத்தவள் 'காய்ச்சல்ல போயிட்டா' ஆகிவிடுவாள். இறந்தவளின் உடலை வைத்து இருப்பவளின் உடலை வாசிக்கிற இந்த வாசிப்புக்கு ஊரில் பெயர் வம்சம். இப்போது மரபணு என்று விஞ்ஞானப் பெயரும் வந்திருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா?

மார்புப் புற்றுக்கும் பெண் சுரப்புக்கும் உள்ள உறவை மருத்துவம் கத்தி வழியாகத்தான் அறிந்தது. சினைப்பையை அகற்றினால் முற்றிய கட்டியும் சுருங்கக்கூடும் என்று ஸ்காட்லாந்தின் ஜார்ஜ் பீட்சன் 1896இல் எழுதினார். ஆனால் எல்லோரிடமும் அது நடக்கவில்லை. ஏன் என்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேல் பதிலில்லை. 1950களின் கடைசியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன், ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துக்கொள்ளும் புரதம் ஒன்று இருப்பதைக் காட்டினார். அதுதான் ஏற்பி. ஏற்பியுள்ள கட்டி சுரப்பைத் தின்று வளரும். இல்லாத கட்டி அதைச் சட்டை செய்யாது. 1962இல் கருத்தடை மாத்திரை தேடிய இங்கிலாந்துக் கம்பெனி உண்டாக்கிய டமாக்சிஃபென், அதற்கு உதவாமல்போய், இந்த ஏற்பியை அடைக்கும் மருந்தானது.

ரிப்போர்ட்டில் 'ஏற்பி பாசிட்டிவ்' என்று எழுதுவது கட்டியைப் பற்றி. மகளுக்குக் கடத்தப்படும் சங்கதி அல்ல அது. ஏற்பி மரபணுவில் பிறவியிலேயே இருக்கும் எழுத்து மாற்றங்கள் வேறு. 2009இல் ஷாங்காய்ப் பெண்களிடம் நடந்த ஆய்வு, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி மரபணுவுக்கு அருகே அப்படியொரு மாற்றத்தைக் கண்டது. அது ஆபத்தைச் சற்றே கூட்டும், அவ்வளவுதான். அதை மட்டும் வைத்து இன்னாருக்கு நோய் வரும் என்று யாரும் குறி சொல்ல முடியாது. 1994இல் பிடிபட்ட பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவின் பழுதுதான் ஆபத்தைப் பெரிதாகக் கூட்டுவது. ஆனால் மார்புப் புற்றில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இப்படி மரபுவழிப் பழுதால் வருகிறது. அந்தப் பழுது அப்பன் வழியாகவும் இறங்கும். மாப்பிள்ளையோட அத்தை எதுல செத்தாங்க என்று எந்தப் பெண்வீட்டார் கேட்டிருக்கிறார்கள்? வம்சம் என்ற சொல்லாடல் பெண்ணுடலை மட்டுமே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. மரபணுவுக்கு அந்தப் பாரபட்சம் கிடையாது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கை புற்றுநோயில் இறந்ததை மறைக்கவில்லை. ஒரு வீட்டுச் சாவு வெளியே பேசப்பட்டதால், 1954இல் அடையாறில் 12 படுக்கைகளோடு ஒரு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. நெம்மேலியிலிருந்து கடற்கரைச் சாலையில் பஸ் பிடித்தால் போய்விடலாம்.

அங்கே போகிற மகளிடமும் டாக்டர் கேட்பது அதே கேள்விதான்: 'அம்மா எதுல செத்தாங்க?' கல்யாணத்துக்காகச் சொன்ன பொய்யை உண்மையென்று நம்பி வளர்ந்தவள் அங்கேயும் 'காய்ச்சல்ல' என்பாள். அவளைக் காப்பதற்காகச் சொன்ன பொய், காப்பாற்ற வேண்டிய இடத்தில் அவளைக் கைவிடுகிறது.