பிறக்கும் முன்பே எழுதப்பட்ட குற்றம்

பொதிமாடுகளிலும் கழுதைகளிலும் உப்பும் தானியமும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்கள் கொறவர்கள். கடற்கரை உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுபோனதில் அவர்களுக்குப் பெரும் பங்குண்டு. ரயில் வந்தது; உப்பு வணிகம் அரசின் கைக்குப் போனது. பிழைப்பை இழந்து அலைந்தவர்களை ஆங்கிலேய அதிகாரிகளின் குறிப்பேடுகள் 'பிறவிக் குற்றவாளிகள்' என்றன. தச்சன் மகன் தச்சனானால் திருடன் மகன் திருடன்தானே என்பது அவர்களின் கணக்கு. சாதியைப் பற்றி அரைகுறையாகப் படித்தவர்களின் தர்க்கம்!

1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் இந்தக் கணக்கை அரசாணையாக்கியது. ஒரு சமூகத்தின் பெயர் பட்டியலில் ஏறிவிட்டால் அதை எதிர்த்து நீதிமன்றம் போக வழியில்லை.

1911இல் திருத்தப்பட்ட சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர் சமூகத்தினர் கைரேகை பதிக்க வேண்டும், வெளியூர் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூர் மக்கள் மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களில் ஒருவர்.

சென்னை மாகாணம் 1947இல் சட்டத்தை நீக்கியது, நாடு முழுவதும் 1952இல் நீங்கியது. பட்டியலில் இருந்தவர்கள் 'சீர்மரபினர்' என்று அழைக்கப்பட்டார்கள். ஆனால் பழைய சந்தேகம் 'வழக்கமான குற்றவாளி' என்ற பெயரில் வேறு சட்டங்களுக்குள் குடியேறியது. சிறைக் கையேடுகளிலும் அது தங்கியிருந்தது. சாதி பார்த்து வேலை பிரிக்கும் அந்தக் கையேட்டு விதிகளை உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில்தான் செல்லாதவை என்றது.