டெல்டா தண்டவாளத்தில் டர்போ

காவிரி டெல்டாவின் முதல் இருப்புப்பாதை 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூரை எட்டியது. அடுத்த ஆண்டு திருச்சிராப்பள்ளி வரை நீண்டது. முதலில் அகலப்பாதையாக இருந்த இது 1870களில் மீட்டர் பாதையானது. நாகப்பட்டினத்துப் பணிமனை 1928இல் பொன்மலைக்கு இடம்பெயர்ந்தது.

நூறாண்டுக்கும் மேலாக நெல் மூட்டைகளையும் பயணிகளையும் நீராவி இழுத்தது. அதன் இடத்தைப் பிடித்த ஒய்டிஎம்-4 டீசல் எஞ்சின், ஆறு சிலிண்டர் ஆல்கோ வகை. அதன் வலிமைக்கு டர்போசார்ஜரே காரணம். 1905இல் சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூகி காப்புரிமை பெற்ற இந்த ஏற்பாட்டில், வெளியேறும் சூடான புகை ஒரு டர்பைனைச் சுழற்றும். அதே தண்டிலுள்ள அமுக்கி சிலிண்டருக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும். காற்று கூடினால் அதிக டீசலை எரிக்கலாம். புறப்படும்போது டர்பைன் வேகமெடுக்கச் சற்று நேரமாகும். அதுவரை காற்று போதாமல் கரும்புகை எழும்.

1990களின் இறுதியில் டெல்டாவின் பாதைகள் மீண்டும் அகலமாகத் தொடங்கின. டபிள்யூடிஎம்-2 வகை எஞ்சின்கள் இங்கும் ஓடின. அவற்றின் திறன் 2,600 குதிரைத்திறன். அதே பதினாறு சிலிண்டர்களில் திறன்மிக்க புதிய டர்போசார்ஜர் பொருத்தியதால் டபிள்யூடிஎம்-3ஏ 3,100ஐத் தொட்டது. டர்போவை மட்டும் மாற்றினால் போதாது. எரிபொருள் பம்புகளும், காற்றைக் குளிர்விக்கும் ஆஃப்டர்கூலரும் பெரிதாக வேண்டும். பிஸ்டன்களும் கூடுதல் வெப்பத்தைத் தாங்க வேண்டும். இம்மாற்றங்கள் எரிபொருள் செலவையும் குறைத்தன.

மின்மயமாக்கலுக்குப் பின், இப்பாதைகளில் டீசல் எஞ்சின்களின் தேவை பெரிதும் குறைந்துவிட்டது.