பசுமைப் பசப்பு
விமான நிறுவன விளம்பரங்களை எதிர்ப்போர் வாயில் இன்று அடிக்கடி வரும் சொல் ‘கிரீன்வாஷிங்’: இயற்கையைக் காப்பதாகப் பொய்யாகக் காட்டிக்கொள்வது. சுண்ணாம்படிப்பைக் குறித்த ‘வொயிட்வாஷ்’ ஆங்கிலத்தில் குற்றத்தை மறைப்பதற்கும் ஆகிவந்தது. அதை ஒட்டி 1986இல் சூழலியலாளர் ஜே வெஸ்டர்வெல்ட் ‘கிரீன்வாஷிங்’ என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டார். துவாலையை மறுபடி பயன்படுத்தச் சொல்லி, இயற்கையின் பெயரால் செலவைக் குறைத்த விடுதிகளே அவர் குறி. 2024 மார்ச்சில், நெதர்லாந்தின் ஃபோசில்ஃப்ரை அமைப்பு தொடுத்த வழக்கில், கேஎல்எம் விமான நிறுவனத்தின் பசுமை விளம்பரங்கள் பல மக்களைத் தவறாக வழிநடத்தியவை என்று ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இச்சொல்லைத் தமிழில் ‘பசுமைக்கழுவல்’ என்பது எனக்கு ஒப்பவில்லை: கழுவினால் அழுக்கு போகும், இங்கே அது மூடப்படுகிறது. ‘பசுமைப்பூச்சு’ பொருந்தும். அதைவிட நெருக்கமானது ‘பசப்பு’. பசுமை நிறம் அதன் பழைய பொருள். குறளில் பிரிந்தவள் மேனியின் நிறமாற்றம். இன்றைய பேச்சில் ஏய்க்கும் இனிப்பு. ‘பசுமைப் பசப்பு’ என்றே எழுதுவோம்.