காலி ஃபங்ஷனும் உடைந்த நிரலும்

கணினி மொழியைக் கைப்பழக்கத்தால்தான் கற்க முடியும். ஆனால் எல்லாப் பயிற்சியும் ஒரே பழக்கத்தைத் தருவதில்லை. 2009இல் கூகுள் அறிவித்த கோ மொழிக்கும், 2015இல் 1.0 பதிப்பு கண்ட ரஸ்ட் மொழிக்கும் உள்ள தொடக்கப் பயிற்சிகளை அடுத்தடுத்துச் செய்து பார்த்தால் இது விளங்கும்.

கோவின் பயிற்சியான 'டூர் ஆஃப் கோ' பிரவுசரிலேயே நடக்கிறது. எதையும் நிறுவ வேண்டாம். இடையிடையே உள்ளே ஒன்றும் எழுதப்படாத ஃபங்ஷன் ஒன்றைத் தந்து நிரப்பச் சொல்லும். முதல் பயிற்சி, நியூட்டன் முறையில் வர்க்கமூலம் காண்பது. 2க்கு 1 என்ற ஊகத்தில் தொடங்கி ஒவ்வொரு சுற்றின் விடையையும் அச்சிட்டால் 1.5, 1.4167, 1.4142 என்று எண் நெருங்கி வருவதைப் பார்க்கலாம். லூப் எழுதும் முறை அந்த வேலையோடு வேலையாகப் படிந்துவிடும். மற்றப் பக்கங்களில் 'ரன்' பொத்தானை அழுத்துவதோடு சரி. அழுத்துமுன் ஒரு வரியையாவது மாற்றி, என்ன வரும் என்று ஊகிக்காதவருக்கு அந்தப் பக்கங்களால் பெரிய பயன் இல்லை.

ரஸ்டின் பயிற்சியான 'ரஸ்ட்லிங்ஸ்' நேர்மாறானது. கம்பைல் ஆகாத, அல்லது சோதனையில் தோற்கும் சின்னச் சின்ன நிரல்களைத் தந்து சரிசெய்யச் சொல்கிறது. ரஸ்டுக்கு இதுவே பொருத்தமான வழி என்பேன். அதன் கடினமான பகுதி, ஒரு மதிப்புக்கு ஒரே உரிமையாளர் என்ற விதி. பைத்தான் பழகிய கை ஒரு ஸ்ட்ரிங்கை இன்னொரு மாறிக்குக் கொடுத்துவிட்டுப் பழைய மாறியையும் அச்சிடப் போகும். கம்பைலர் E0382 என்ற பிழை எண்ணோடு மறுக்கும்: உரிமை கைமாறிய வரி இது, அதன்பின் நீ தொட்ட வரி இது என்று இரண்டையும் சுட்டும். புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தாலும் இவ்வளவு தெளிவு கிடைக்காது. ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. பல இடங்களில் கம்பைலரே 'க்ளோன்' போட்டு நகலெடுக்கலாம் என்று யோசனை சொல்லும். அதை அப்படியே ஒட்டினால் பயிற்சி தேறிவிடும். உரிமை ஏன் கைமாறியது என்பது புரியாமலே போகும்.

இரண்டும் மிகவும் விலகி நிற்பது ஒரே நேரத்தில் பல வேலைகள் ஓடும் இடத்தில். டூரின் கடைசிப் பயிற்சி ஒரு வெப் கிராலர்: பல பக்கங்களை இணையாக எடுக்க வேண்டும், ஒரே பக்கத்தை இருமுறை எடுக்கக் கூடாது. பார்த்த முகவரிகளைக் குறிக்கும் மேப்பைப் பூட்டின்றிப் பகிர்ந்தாலும் கோ கம்பைலர் ஒன்றும் சொல்லாது. கோளாறு ஓடும்போதுதான் வரும், சில சமயம் வராமலும் இருக்கும். பயிற்சி தரும் சிறு குறிப்புதான் துணை. ரஸ்ட்லிங்ஸின் த்ரெட் பயிற்சியில், பல த்ரெட்கள் மாற்றும் எண்ணிக்கையை மியூடெக்ஸ் என்னும் பூட்டுக்குள் வைக்கும்வரை நிரல் கம்பைலே ஆகாது. அந்த மறுப்பை அனுபவித்துவிட்டுக் கிராலருக்கு வருகிறவர், பூட்டு எங்கே தேவை என்று முதல் வரியிலிருந்தே தேடத் தொடங்குவார்.