‘கலா’: பாதை மூடியிருந்த காலத்தில் வெளிவந்த அல்பம்

2007 ஓகஸ்டில் ‘கலா’ என்ற இசை அல்பம் மேற்குலகக் கடைகளுக்கு வந்தபோது, யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை மூடப்பட்டு ஒரு வருடமாகியிருந்தது. அரிசியும் மாவும் கப்பலில் வந்தன. தீவகத்தில் அதற்கு முந்தைய வருடம் மே 13 அன்று ஒரே இரவில் 13 பேர் கொல்லப்பட்ட பயம் இன்னும் விட்டுப்போகவில்லை. தமிழ்ப் பெண் ஒருவரின் பாட்டு உலகமெங்கும் பேசப்படுவதை அறிகிற நிலையில் நாங்கள் இருக்கவில்லை. நான் அந்த அல்பத்தை முழுதாகக் கேட்டது பல வருடங்களின் பின், குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருந்த ஒரு காலையில்தான்.

அதைப் பாடியவர் எம்.ஐ.ஏ. என்று அறியப்படும் மாதங்கி அருள்பிரகாசம். 1975 இல் இலண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் வந்தவர். 1986 இல் தாயுடனும் சகோதரங்களுடனும் அகதியாக இலண்டன் திரும்பினார். தந்தை அருளர், ஈரோஸ் அமைப்பின் ஸ்தாபகர்களில் ஒருவர். ‘லங்கா ராணி’ நாவலை எழுதியவர். மேற்குலகப் பத்திரிகைகள் பல அவரைப் புலி உறுப்பினர் என்று பிழையாக எழுதின. மாதங்கியின் முதல் அல்பமான ‘அருளர்’ (2005) தந்தையின் பெயரில் வந்தது. இரண்டாவதுக்குத் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்த தாயின் பெயரை வைத்தார்.

அமெரிக்க விசா சிக்கலால் அங்கே ஒலிப்பதிவு செய்யும் திட்டம் குழம்பியது. அதனால் இந்தியா, ட்ரினிடாட், லைபீரியா, அவுஸ்திரேலியா என்று பல நாடுகளில் வேலை நடந்தது. ‘போய்ஸ்’ பாட்டில் சென்னையில் பதிவு செய்த உறுமி மேளம் முழங்குகிறது. ‘பம்பூ பங்கா’வில் இளையராஜாவின் ‘தளபதி’ படப் பாடலொன்றின் துண்டு வருகிறது. எங்கள் ஊர்களில் பறையைச் சாவீட்டுக்கும், அடிப்பவரை வாசலுக்கும் வெளியே நிறுத்திவைத்தோம். அந்த வகைத் தோல் மேளங்களை முன்னால் வைத்த அல்பத்தை 2007 இன் முதலாவது அல்பமாக ‘ரோலிங் ஸ்ரோன்’ சஞ்சிகை தெரிவுசெய்தது.

‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டு ஆங்கில ரொக் குழுவான ‘த கிளாஷ்’ இன் மெட்டின் மேல் கட்டப்பட்டது. குடிவந்தவர்களை ஆபத்தானவர்களாகப் பார்க்கும் பார்வையை அது கேலி செய்கிறது. பல்லவியில் துப்பாக்கிச் சத்தமும் காசுப்பெட்டிச் சத்தமும் கேட்கும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் அந்த வெடிச்சத்தத்தை மாற்றித்தான் ஒலிபரப்பினார்கள். ஆனாலும் 2008 இல் அப்பாட்டு அமெரிக்கத் தரவரிசையில் நான்காம் இடத்துக்கு ஏறியது. 2009 பெப்ரவரி 8 அன்று நிறைமாதக் கர்ப்பிணியாக அவர் கிராமி மேடையில் பாடினார். அந்த மாதத் தொடக்கத்தில்தான் புதுக்குடியிருப்பு மருத்துவமனை மீது எறிகணைகள் விழுந்தன.

வன்னியில் நடப்பதை அவர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இனப்படுகொலை என்றே சொன்னார். அதற்காகப் புலி ஆதரவாளர் என்ற குற்றச்சாட்டும் வந்தது. 2010 இல் ‘நியூயோர்க் டைம்ஸ்’ சஞ்சிகையின் நீண்ட கட்டுரை அவரது வசதியான வாழ்வையும் அரசியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேள்வி கேட்டது.

அந்தக் கேள்வியில் ஒரு பகுதி எனக்கும் உண்டு. புலிச் சின்னமும் வெடிச்சத்தமும் அங்கே அலங்காரமாகலாம். இங்கே அவற்றோடு பிடிபட்டவன் வீடு திரும்பவில்லை. பாட்டுக்கு ஆடியவர்களில் எத்தனை பேர் எங்களைப் பற்றி யோசித்திருப்பார்கள் என்பதும் சந்தேகமே. ஆனால் வாய் திறந்தால் ஆபத்து என்றிருந்த நாட்களில், உலகம் பார்க்கும் மேடையில் நின்று எங்கள் சாவைப் பற்றிப் பேசியவர்கள் மிகச் சிலர். அவர்களில் ஒருவர் எங்களைப்போல இடம்பெயர்ந்து போன பிள்ளை. இரண்டையும் சேர்த்துத்தான் இந்த அல்பத்தைக் கேட்க வேண்டும்.

தீவகத்தில் எந்த ஒழுங்கைக்குள் போனாலும் கலா அக்கா ஒருவர் இருப்பார். தையல் மெசினோடு பிள்ளைகளை வளர்த்தவராகவும் இருப்பார். கேட்கும்போது அவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.