கடலுக்குள் போன கோயிலும் பிளொப்பிக்குள் போன தமிழும்

ஆதர் சி. கிளார்க்கை எங்கட திருகோணமலையில் இரண்டு விதமாகச் சொல்லுவார்கள். புத்தகம் வாசிக்கிற ஆக்களுக்கு அவர் விஞ்ஞானக் கதை எழுதினவர். கோயிலுக்குப் போற ஆக்களுக்கு அவர், கோணேசர் கோயிலின் பழைய தூண்களைக் கடலுக்குள் போய்ப் பார்த்த வெள்ளைக்காரர். ரெண்டு பேரும் ஒரே ஆள்தான். ஆனால் அவருடைய கொம்பியூட்டர் கதைகளையும் எங்கட சுவாமிமலையடிக் கடலையும் பக்கத்தில் வைத்து யாரும் கதைத்து நாங்கள் கேட்டதில்லை. கப்பல்துறைப் பக்கத்தில் இருந்துகொண்டு கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு அதில் ஒரு பெரிய கேள்வி இருப்பதாகப் படுகிறது. ஒரு ஊரின் ஞாபகம் எதில் தங்கும்? கல்லிலா, ஏட்டிலா, பாட்டிலா, கொம்பியூட்டரிலா?

முதலில் கதையைச் சொல்லுகிறோம். 1953இல் கிளார்க்கின் ஒரு சிறுகதை வெளிவந்தது. கடவுளின் தொள்ளாயிரம் கோடிப் பெயர்கள் என்பது அதன் தலைப்பின் பொருள். திபெத்தில் ஒரு மடம். கடவுளுக்கு உள்ள எல்லாப் பெயர்களையும் எழுதி முடிப்பதுதான் மனிதன் படைக்கப்பட்ட காரணம் என்று அங்குள்ள துறவிகள் நம்புகிறார்கள். மூன்று நூற்றாண்டாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கையால் எழுதினால் பதினையாயிரம் வருசம் பிடிக்கும். ஆகவே ஒரு கொம்பியூட்டரை வாடகைக்கு எடுக்கிறார்கள். நூறு நாளில் வேலை முடிந்துவிடும். மெசினோடு வந்த இரண்டு பொறியியலாளர்களும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே வேலை செய்கிறார்கள். கடைசியில் என்ன நடக்கிறது என்பதை வாசிக்காத ஆக்களுக்காக விட்டுவிடுகிறோம். பத்துப் பக்கம்தான், தேடி வாசியுங்கோ.

கொம்பியூட்டர் என்றால் ஒரு அறை முழுக்க நிற்கிற இயந்திரம் என்றிருந்த காலத்தில், அதைக் கொண்டுபோய் ஒரு மடத்துக்குள் வைத்துப் பார்த்தது அந்தக் கற்பனை. கதை வந்து மூன்று வருசத்தில், 1956இல், கிளார்க் இலங்கைக்கு வந்து சேர்ந்தார். அதே வருசம் அவரும் நண்பர் மைக் வில்சனும் சுவாமிமலையடியில் சுழியோடினார்கள். கடலடியில் செதுக்கிய கற்களையும் தூண்களையும் கண்டார்கள். 1957இல் வந்த 'தி ரீஃப்ஸ் ஒஃப் தப்ரபேன்' என்ற நூலில் கிளார்க் இதை எழுதினார்.

அந்தத் தூண்கள் எப்படி அங்கே போயின என்பது எங்களுக்குத் தெரிந்த வரலாறு. 1624இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா கோணேசர் கோயிலை இடித்தார். சித்திரைப் புத்தாண்டுக்கு சுவாமி வீதியுலா போன நேரம் பார்த்து, பூசகர் வேடத்தில் படையாட்கள் உள்ளே நுழைந்தார்கள் என்று ஊரில் சொல்லுவார்கள். இடித்த கல்லில் ஒரு பகுதி கோட்டைக்குப் போனது. மிச்சம் மலையில் இருந்து கடலுக்குள் விழுந்தது. இன்றைக்கும் பிரெட்ரிக் கோட்டை வாசலால் போகும்போது பக்கத்துக் கல்லைக் கவனித்துப் பார்த்தால் பாண்டியரின் இரட்டை மீனும் தமிழ் எழுத்தும் தெரியும். மான்களைப் போட்டோ எடுக்கிற அவசரத்தில் கனபேர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

எல்லாம் கடலுக்குள் போகவும் இல்லை. 1950இல் நகரத்தில் கிணறு வெட்டும்போது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்மன் என்று வெண்கலச் சிலைகள் வெளியே வந்தன. இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்து யாரோ புதைத்து வைத்திருக்கிறார்கள். திரும்பி வந்து எடுக்கலாம் என்று நினைத்திருப்பார்கள். முந்நூறு வருசத்துக்கு மேல் யாரும் வரவில்லை. 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது, அந்தச் சிலைகள் மறுபடி கோயிலுக்குள் வந்தன.

இதில் இன்னொரு வேடிக்கை. கிளார்க்குக்கு மதநம்பிக்கை இல்லை. 2008இல் கொழும்பில் இறந்தபோது எந்தச் சமயச் சடங்கும் வேண்டாம் என்று எழுதி வைத்திருந்தார். கூடச் சுழியோடிய வில்சனோ பிற்காலத்தில் காவி கட்டி சுவாமி சிவ கல்கி ஆனார். ஒரே கடலுக்குள் இறங்கி ஒரே கல்லைத்தான் பார்த்தார்கள், ஆனால் ஆளுக்கொரு வழியில் போனார்கள். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை. நம்பாத ஆளும் கோயிலின் ஞாபகத்துக்கு உதவலாம் என்பது மட்டும் எங்களுக்குப் பிடித்திருக்கிறது.

சரி, 1624க்கும் 1963க்கும் இடையில் கோணேசர் எங்கே இருந்தார்? கடலிலும் மண்ணுக்குள்ளும் என்பது ஒரு பதில். இன்னொரு பதில், பாட்டில். ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் இந்த மலையைப் பாடினார். அந்தப் பதிகம் மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. சம்பந்தர் இங்கே வந்ததே இல்லை. இராமேசுவரத்தில் நின்றுகொண்டு கோணமலையையும் கேதீச்சரத்தையும் பாடினார் என்றுதான் பெரியபுராணம் சொல்லுகிறது. வராத ஆள் பாடிய பாட்டில் எங்கட கடல் முத்தைக் கரையில் கொண்டுவந்து கொட்டுகிறது. கோயில் இல்லாத காலம் முழுக்க அந்தப் பாட்டு இருந்தது. அதற்குப் பண் புறநீர்மை. இன்றைக்கு அதைப் பூபாளத்தோடு சேர்த்துச் சொல்லுவார்கள். பூபாளம் விடியற்கால இராகம். கோயில் ஒலிபெருக்கியில் விடிய ஐந்து மணிக்குத் தேவாரம் கேட்டு எரிச்சலோடு போர்வையை இழுத்து மூடின எங்களுக்கு இது நல்ல பொருத்தமாகத்தான் படுகிறது.

ஆனால் பாட்டு தானாகத் தப்பவில்லை. அதுவும் ஒருமுறை அழியப் பார்த்தது. சோழன் இராசராசன் காலத்தில் நம்பியாண்டார் நம்பி தேவார ஏடுகளைத் தேடிப் போனபோது, அவை தில்லைக் கோயிலில் ஒரு அறைக்குள் பூட்டிக் கிடந்தன, பெரும்பகுதியைக் கறையான் தின்றிருந்தது என்று திருமுறைகண்ட புராணம் சொல்லுகிறது. கிடைத்த ஏட்டிலும் சொல் இருந்தது, இசை இல்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்தான் பண்களை மீட்டுக் கொடுத்தாள் என்பது மரபு. இது புராணம், இதை அப்படியே வரலாறாக எடுக்கேலாது. ஆனாலும் அந்தக் கதையைச் சொன்ன ஆக்களுக்கு ஒரு விசயம் தெரிந்திருக்கிறது. பூட்டி வைத்தால் மட்டும் காணாது. எழுத்து ஒரு இடத்தில் இருக்கும், அதைப் பாடத் தெரிந்த ஆள் இன்னொரு இடத்தில் இருப்பார். இரண்டும் சந்திக்கவேணும்.

ஏடு அச்சுக்கு மாறிய காலத்திலும் எங்கட ஊர் ஆள் ஒருவர் அந்த இடத்தில் நின்றிருக்கிறார். திருகோணமலை தி. த. சரவணமுத்துப்பிள்ளை சென்னையில் ஓலைச்சுவடி நூலகத்தில் வேலை பார்த்தவர். 1895இல் அவர் எழுதிய 'மோகனாங்கி'யை ஈழத்தவர் எழுதிய முதல் தமிழ் வரலாற்று நாவல் என்று சொல்லுவார்கள். நாயக்கர் காலக் கதை. ஆனால் அந்த நாவலைப் பெயரால் அறிந்தவர்கள்தான் நெடுங்காலம் கூட, வாசித்தவர்கள் குறைவு. அச்சடித்து நூறு வருசத்துக்குள்ளேயே ஒரு புத்தகத்துக்கு இப்படி ஆகலாம் என்றால், ஓலையைக் குறைசொல்லி என்ன பயன்?

இனிக் கொம்பியூட்டருக்கு வருகிறோம். 1961இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஐபிஎம் 704 என்ற இயந்திரம் ஒரு பாட்டுப் பாடியது. 'டெய்சி பெல்' என்ற பழைய ஆங்கிலப் பாட்டு, இயற்றியது 1892இல். ஜோன் கெலியும் கரல் லொக்பாமும் இயந்திரத்துக்குக் குரல் கொடுத்தார்கள், மக்ஸ் மத்யூஸ் பின்னணி இசை அமைத்தார். அங்கே போயிருந்த கிளார்க் அதைக் கேட்டார். 1968இல் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படம் வந்தபோது, அதில் வருகிற ஹால் 9000 என்ற கொம்பியூட்டரின் நினைவுக் கட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றும் காட்சியில் அது இதே பாட்டைப் பாடுகிறது. பாடப் பாடக் குரல் தடித்து, இழுபட்டு, நின்றுபோகிறது. கொம்பியூட்டருக்கும் மறதி வரும் என்பதைக் கிளார்க்கும் இயக்குநர் குப்ரிக்கும் இதைவிடத் தெளிவாகக் காட்டியிருக்கேலாது.

அந்த மறதி படத்தில் மட்டும் இல்லை. எங்கட ஊர்க் கொமினிகேசன் கடைகளிலும் பழைய அச்சகங்களிலும் இப்ப நடந்துகொண்டிருக்கிறது. தொண்ணூறுகளின் கடைசியிலும் இரண்டாயிரங்களிலும் இங்கே தமிழ் ரைப் பண்ணின ஆக்கள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில்தான் செய்தார்கள். விண்டோஸ் 98, பேஜ்மேக்கர், 1.44 எம்பி பிளொப்பி. கலியாண அழைப்பிதழ், அந்தியேட்டி மலர், கும்பாபிசேக மலர், பாடசாலைச் சஞ்சிகை, சனசமூக நிலைய அறிக்கை எல்லாம் அதில்தான்.

பாமினி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பிரச்சினை விளங்கும். அது ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைக்கிறது. நீங்கள் 'அம்மா' என்று அடித்தால் திரையில் அம்மா தெரியும். ஆனால் கொம்பியூட்டர் சேமித்து வைப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளை. பாமினி இல்லாத மெசினில் அதே கோப்பைத் திறந்தால் அந்த ஐந்தும்தான் வரும். அம்மா இல்லை. கோப்பில் உள்ளே இருப்பது தமிழ் என்று கொம்பியூட்டருக்குத் தெரியாது. பார்க்கிற எங்களுக்கு மட்டும்தான் அது தமிழ்.

யூனிகோட்டில் அப்படியில்லை. 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடம் ஒதுக்கினார்கள். அ என்றால் 2949 என்ற எண். எந்த நாட்டில், எந்த எழுத்துருவில் திறந்தாலும் அது அ தான். ஆனால் பழைய கோப்புகள் தானாக மாறாது, யாராவது இருந்து மாற்றவேணும். 1998 பொங்கலன்று முனைவர் கு. கல்யாணசுந்தரம் தொடங்கின மதுரைத் திட்டம் இதற்கு நல்ல உதாரணம். திருக்குறளில் தொடங்கி, பல நாட்டில் இருந்த தமிழர்கள் சம்பளம் இல்லாமல் வீட்டில் இருந்து பழைய நூல்களை ரைப் பண்ணினார்கள். முதலில் ஒரு குறியீடு, பிறகு இன்னொன்று, பிறகு யூனிகோட் என்று எழுத்து முறை மாற மாற நூல்களையும் மாற்றினார்கள். சிதம்பரத்தில் ஏடு தேடின வேலையும் இதுவும் ஒன்றுதான்.

எங்கட நாட்டில் இது வெறும் பொழுதுபோக்கு இல்லை. 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின என்று சொல்லப்படுகிறது. அதில் சிலவற்றுக்கு வேறு பிரதி இல்லை. 2005இல் தொடங்கின நூலகம் திட்டம் ஈழத்துப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் ஸ்கேன் பண்ணி இணையத்தில் வைப்பதற்குப் பின்னால் அந்த நெருப்பின் ஞாபகம் இருக்கிறது. ஒரு கட்டடத்தில் மட்டும் இருந்தால் ஒரு இரவு போதும் என்பதை நாங்கள் பிறக்கமுதலே இந்த நாடு படித்துவிட்டது.

ஆனால் யாரும் எரிக்காமலும் அழியலாம். எங்களில் சிலர் இந்த விடுமுறைக்கு ஒரு கோயில் மலரின் கோப்பைத் திறந்து பார்த்தோம். அச்சுப்பிரதி யாரிடமும் இல்லை, இடம்பெயர்வில் போய்விட்டது. பழைய சிடி ஒன்று மட்டும் மிச்சம். திறந்தால் பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். மாற்றியில் போட்டு எடுத்தபோது, கோயிலுக்கு யார் யார் எந்த நாள் உபயம் என்ற பட்டியல் வந்தது. அதில் இருந்த பல குடும்பங்கள் இப்போது ஊரில் இல்லை. சிலர் நாட்டில் இல்லை, சிலர் உயிரோடு இல்லை. அவர்கள் இங்கே இருந்தார்கள், ஐந்தாம் திருவிழா அவர்களுடையது என்பதற்கு வேறு எழுத்துச் சாட்சி எங்களுக்குத் தெரிந்து கிடையாது. அந்தப் பட்டியலை ஒரு வயதான அம்மாவுக்கு வாசித்துக் காட்டினோம். பெயருக்குப் பெயர் அவர் வீடு சொன்னார், வளவு சொன்னார், யார் யாரைக் கட்டினார்கள் என்றும் சொன்னார். கோப்பில் இல்லாதது முழுக்க அவரிடம் இருந்தது.

கிளார்க்கின் கதையில் மெசின் பெயர்களை எழுதி முடித்தால் போதும். யாரும் வாசிக்கத் தேவையில்லை. எங்கட விசயத்தில் அது போதாது. கல் கடலுக்குள் போனது, ஏட்டைக் கறையான் தின்றது, பிளொப்பியில் பூஞ்சணம் பிடிக்கிறது. ஒவ்வொரு முறையும் மிஞ்சினது, யாராவது ஒருவர் அதைப் புதிய இடத்துக்கு எடுத்து எழுதி, இன்னொருவருக்கு வாசித்துக் காட்டினதால்தான் மிஞ்சினது. அந்தக் காலத்தில் ஏடு படியெடுப்பதைப் புண்ணியம் என்றார்கள். நம்பிக்கை உள்ள ஆக்கள் இப்பவும் அப்படியே எடுக்கலாம். இல்லாத ஆக்கள் ஊர்க்கடமை என்று எடுங்கோ. கிளார்க்கும் வில்சனும் ஒரே கடலில் இறங்கின மாதிரி, இதிலும் எல்லாரும் இறங்கலாம்.

ஆகவே இதை வாசிக்கிற உங்களிடம் கேட்பது இதுதான். வீட்டில் அலுமாரிக்கு மேல் பழைய கொம்பியூட்டர் இருந்தால் இரும்புக்காரனுக்குக் கொடுக்கமுதல் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வையுங்கோ. பிளொப்பி, சிடி இருந்தால் எறியவேண்டாம். ரைப் செற்றிங் செய்த அண்ணாமார், அக்காமார் யாரையாவது தெரிந்தால் எந்த எழுத்துருவில் அடித்தார்கள் என்று இப்பவே கேட்டு எழுதி வையுங்கோ. பாமினியா வேறொன்றா என்று தெரியாவிட்டால் மாற்றுவது கஷ்டம். மாற்றின பிறகு அதை அம்மம்மாவுக்கோ தாத்தாவுக்கோ வாசித்துக் காட்டுங்கோ. அவர்கள் சொல்லுவதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கோ. அதில்தான் பண் இருக்கும்.